சிரிக்கிறதுக்குக் குளிசை

காலையில் ஒன்று. பகல் மணி அடிக்க முன் பாதி.
அதற்குப் பிறகு எடுத்தால் இரவு போய்விடும் என்று
துண்டில் சிவப்பால் கோடு இழுத்திருக்கிறது.
வெள்ளைக் குளிசை. நாக்கை வறட்டும்.
முதல் ஒரு மணித்தியாலம் நெஞ்சுக்குள்
யாரோ மெஷின் மிதிக்கிற மாதிரி இருக்கும்.
பிறகு நான் மிதிப்பேன்:
பதினோராம் லைன், இடது பக்கப் பொக்கற்,
மணிக்கு எழுபத்திரண்டு.

இந்தக் குளிசைக்கு முதல்
இரண்டு தரம் ஊசி என் நகத்தைத் தைத்தது.
இரண்டு தரமும் நான்
தைத்துக்கொண்டிருப்பதாகத்தான் கனவு கண்டேன்.

எப்ப தொடங்கினது, யாழ்ப்பாணத்து டொக்டர் கேட்டார்.
வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்ட வருஷம்.
ஓ.எல். கணக்குத் தாளில் மூன்றாம் கேள்வியிலிருந்து
ஒரு கோடு சரிந்து சரிந்து
தாளை விட்டே வெளியில் போனது.
மல்லாவியில் சோம்பேறி என்றார்கள்.
ஜீப்பில் வந்தவர்கள் எல்லாரும்
யுத்தம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்,
ஒருத்தி கலர் பென்சிலும் தந்தாள்.

டொக்டர் கொழும்புக்கு அனுப்பி,
தலையில் வயர் ஒட்டி, ஒரு இரவும் ஒரு பகலும்.
“மூளைக்குள்ள ஒரு கிள்ளுக் கடுகளவு கலங்கள்.
முழிப்பைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அதுகள்தான்.
உங்களுக்கு அதுகள் அழிஞ்சு போச்சு.”
“சண்டையாலயோ?”
“இல்லை. உடம்பே பிழையா விளங்கி அழிச்சிருக்கும்.
வடிவாத் தெரியாது.”
ஆனையிறவு தாண்டும் மட்டும் முழித்திருந்து யோசித்தேன்.
யுத்தம் செய்யாத ஒன்று
என்னிடமும் இருக்கிறது.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது குளிசை சிரிப்புக்கு.
எனக்குச் சிரிப்பு வந்தால் முழங்கால் போய்விடும்.
தாடை தொங்கும். காது மட்டும் வேலை செய்யும்.
“ஐயோ இயலினி” என்று அவர்கள் கத்துவதை
முழுதாகக் கேட்டபடி சீமெந்தில் கிடப்பேன்.

பாமசிப் பெடியன் பெட்டியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்:
“யோசிக்காதேங்கோ அக்கா, எல்லாம் சரிவரும்.”
மனம் விட்டுப்போனவர்களுக்கு எழுதுகிற மருந்து அது.
எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீட்டில் இருக்கிறது.
அவர்களுக்கு அழாமல் இருக்க.
எனக்குச் சிரிக்க.
இதை எப்படி அவனுக்குச் சொல்வது.
தலையாட்டிவிட்டு மிச்சக் காசை எண்ணினேன்.

வெள்ளைக் குளிசைக்குக் கொப்பியில் கையெழுத்து,
அடையாள அட்டை இலக்கம்.
முறிகண்டியில் பொலிஸ்காரன் பையைக் கிளறி
ஒன்றை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.
மூன்று மொழியில் கடிதம் காட்டினேன்.
மூன்றையும் வாசித்தான். நான் நின்றபடியே
ஒரு கண்நேரம் நித்திரை கொண்டேன்.
அதுதான் அவனை நம்ப வைத்தது.

சூரிச் மச்சாள் சொன்னாள்,
அங்கே ஒரு தண்ணி மருந்தாம், உப்புக் கரிக்குமாம்.
படுக்கையில் ஒருக்கா,
சாமத்தில் அலாரம் வைத்து எழும்பி ஒருக்கா.
நித்திரையைக் குடிக்க நித்திரையால் எழும்புகிறதா?
விலையைச் சொன்னாள்.
இஞ்சை மழை, பிறகு கதைக்கிறன் என்றேன்.
மழை இல்லை.

டொலர் இல்லாத வருஷம் பெட்டி வரவில்லை.
பதினொரு நாள்.
சட்டென்று நிறுத்தினால் முந்தியதை விட மோசம் என்று
டொக்டர் சொல்லித்தான் விட்டவர்.
யாரின் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டேன்.
பிறின்சியா என்னோடு கோபம்.
ஆறாம் நாள் பஸ்ஸில் ஒரு குழந்தை
தன் தும்மலுக்குத் தானே பயந்தது.
அவ்வளவுதான். சீற்றுக்கு அடியில் கிடந்தேன்,
மல்லாவி போய்த் துணுக்காயும் வந்துவிட்டது.

நேற்று, பெட்டி வந்து மூன்றாம் கிழமை.
சுப்பவைசர் அளவுநாடாவைத் தேடுகிறார்.
மேசைக்குக் கீழே, பெட்டிக்குள்ளே,
எங்கள் ஒவ்வொருத்தியின் மெஷினிலும்.
நாடா அவர் கழுத்தில்.
பிறின்சியா என்னைப் பார்க்கவில்லை,
வேண்டுமென்றே.
அவள் முதுகு குலுங்குகிறது.

எழும்பி நின்றுகொண்டுதான் சிரித்தேன்.
முழங்கால் கொஞ்சம் யோசித்தது.
பிறகு நின்றது.