உறுதி

உறுதி இருக்கு, என்றார் தரகர் யோகலிங்கம்.
நாலு தலைமுறை உறுதி,
வில்லங்கம் தேடியாச்சு, ஒண்டுமில்லை.
பொலித்தீன் உறைக்குள் மடிந்து கிடந்தது காணி:
அரியாலை, இரண்டரைப் பரப்பு,
வடக்கே ஒழுங்கை,
கிழக்கே சபாலிங்கம் பெண்சாதி வளவு.

நான் கேட்டது மற்ற உறுதியை.

பங்குனியில் எல்லாக் காணியும் நல்ல காணிதான்.
ஆகவே கார்த்திகை வரை இழுத்தடித்தேன்.
வங்கியிலிருந்து இரண்டு தரம் கோல் வந்தது.
மூன்று நாள் அடைமழை விட்ட காலை
மகனின் றெயின்கோட்டுக்குள் என்னைத் திணித்துக்கொண்டு
ஸ்கூட்டியில் போனேன்.
ஒழுங்கையில் முழங்காலளவு, காணிக்குள் கணுக்காலளவு.
பள்ளிக்கூட அடிமட்டத்தை நட்டுவிட்டு வந்து
பின்னேரம் பார்த்தால் இரண்டு அங்குலம் வடிந்திருந்தது.
நல்லது.
ஆனால் தென்மேற்கு மூலையில்
தண்ணீர் நின்ற அடையாளமே இல்லை.
மூன்று நாள் மழையை
ஒரே இடம் குடித்து முடித்திருந்தது.

கன்னிமூலை காய்ஞ்சிருக்கிறது வாஸ்துவுக்கு விசேஷம், என்றார்
யோகலிங்கம்.

பக்கத்து மதிலில் முழங்கால் உயரத்தில்
வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
சபாலிங்கம் பெண்சாதி பார்த்துவிட்டா.
ஒன்றும் பேசாமல் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தா.
சீனிக்குப் பின்னால், மெல்ல,
வெட்கப்பட்டு வருவதுபோல் வந்தது உப்பு.
நல்ல தண்ணி, என்றா.
நான் கோப்பையை முடித்தேன்.

தை பிறந்ததும்
மரியசீலன் அலவாங்கோடு வந்தான்.
முதல் மூலை: ஒன்றரை அடி சாம்பல் மண், பிறகு மக்கி, பிறகு கல்.
ணங்.
இரண்டாவதும் ணங். மூன்றாவது கொஞ்சம் பிந்தி, ணங்.
யோகலிங்கம் ஒவ்வொரு ணங்குக்கும்
தான் செய்துவைத்த கல் மாதிரித் தலையாட்டினார்.
நாலாவதில் சத்தமே இல்லை.
அலவாங்கு கையை விட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது.

வெட்டினோம்.
ஓட்டுத் துண்டு. உரப்பை நூல். உளுத்த பனங்குற்றி.
பிறகு இரும்பில் இரும்பு பட்ட ஒரு சத்தம்.
மூன்று பேரும் மூச்சை விடவில்லை.
மரியசீலன் முழந்தாளிட்டு
கையால், மாவை ஒதுக்குவதுபோல், மண்ணை ஒதுக்கினான்.
வாளியின் கைபிடி.
அதற்கும் கீழே ஜாம் போத்தல் விளக்கு, திரியோடு.

பங்கர் இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில எங்க இருக்கு, தங்கச்சி?
யோகலிங்கம் இதை உரத்துச் சொல்லவில்லை.

காணிக்காரி தவமலர் பிரம்டனில்.
அங்கே விடியப்புறம், காதில் கம்பளித் தொப்பி.
கேள்விகளை எழுதி வைத்திருந்தேன்:
எத்தனை அடி ஆழம், எதால் மூடினது,
இடித்து நிரப்பினதோ, சும்மா தள்ளினதோ.
குழியைக் காட்டுங்கோ, என்றா.
காட்டினேன்.
ஏழடி. அப்பா வெட்டினவர்.
கிழக்கால கல் வந்திட்டுது, அதால தெற்க திருப்பினவர்,
ஒரு மடக்கு இருக்கும், பாருங்கோ.
மூடினது?
திரையில் கொஞ்ச நேரம் தொப்பி மட்டும் தெரிந்தது.
நாங்கள் மூடேல்லை, பிள்ளை.
வெளிக்கிடேக்க திறந்துதான் கிடந்தது.

ஆகவே, யாரோ. எப்போதோ. எதையோ கொண்டு.
இதற்கு எந்த உறுதியிலும் ஒரு வரி இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
வரைபடத்தைக் கிழக்கே எட்டடி நகர்த்தினேன்,
அவவின் தகப்பனை மறித்த கல்லுக்கு மேலே
படுக்கை அறைச் சுவர் வருகிறமாதிரி.
ஒருவருக்கும் காசு கொடுக்காமல் கிடைத்த
மண் பரிசோதனை அது.
விலையில் பரப்புக்கு ஒரு லட்சம் குறை என்றேன்.
யோகலிங்கம் நெஞ்சைப் பிடித்தார், பிறகு விட்டார்.
இன்னும் முடியவில்லை; தண்ணீருக்கு வழி பார்க்கவேண்டும்,
உப்போடு வாழலாமா என்று மகனையும் கேட்கவேண்டும்.

குழியை என்ன செய்ய, என்று நின்றான் மரியசீலன்.
சும்மா தள்ளாதை, என்றேன்.
அரையடி அரையடியாப் போடு,
தண்ணி விடு, இடி, பிறகு போடு.

என் காணி இல்லை அது, இன்னும்.