நாலு சாண்

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களை
கேன்டீனில் கை கழுவும் இடத்தருகே நிறுத்தினார்கள்.
ஊசி இல்லை, மிஷின் இல்லை.
பார்சல் கட்டும் சணல் உருண்டையோடு
நர்ஸ் கனகவல்லி மட்டும்.

உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து
ஒரு வெட்டு.
"இதான் நீ. ரெண்டா மடி.
தொப்புளுக்கு மேல சுத்து.
முனையும் முனையும் தொடணும்."

எனக்கு முன்னால் மல்லேஷ்.
கதவில் குனிந்து நுழைகிற ஆள்;
சிரிக்கத் தயாராக நின்றோம்.
சணல் தொட்டுக்கொண்டது.
மிச்சம்கூட இருந்தது.

நான் ஒல்லி.
தேன்கனிக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் முருங்கைக்காய் என்று பெயர்.
எடை அறுபத்தைந்து, கார்டில் அதற்கு டிக் அடித்தாயிற்று.
மூச்சை உள்ளே இழுத்தேன்.
"விடு" என்றார்.
விட்டேன்.
இரண்டு முனைக்கும் நடுவே
மூணு விரல் இடம்.

"கை கால் ஒல்லியா இருந்தா போதுமா தம்பி,
உள்ள எங்க சேருதுன்னுதான் பாக்கணும்.
வியாழக்கிழமை வெறும் வயித்தோட வா,
ரத்தம் எடுக்கணும்."
அடுத்தவனுக்கு வெட்டப் போய்விட்டார்.

ஜூஜூவாடி வரை கம்பெனி பஸ்ஸில்
சணலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன்.
எண் சாண் உடம்பு என்கிறோம்.
பாதி நாலு சாண்.
ஒரு சாண் வயிற்றுக்காக ஓசூர் வந்தேன் என்று
ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.
யாரும் சுற்றி அளந்து கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நாற்பதில் வந்தது.
எனக்கு இருபத்தி நாலு.
நடுவில் நிறைய வருஷம் கிடக்கிறது என்று
நடுராத்திரிப் பரோட்டாவுக்கு
இன்னொரு கரண்டி சால்னா கேட்டுக்கொண்டிருந்தேன்.

குளிக்கும்போது கண்ணில் பட்டது அரைஞாண் கயிறு.
இடுப்பில் அது பதிந்த சிவப்புக் கோடு.
போன தேருக்கு வாங்கும்போது கடைக்காரர்
பழையதோடு வைத்துப் பார்த்து
"ஒரு விரல் சேத்து வெட்டறேன்" என்றார்.
அதற்கு முந்தின தேருக்கும் அப்படித்தான்.
பேரம் பேசினேனே தவிர
ஏன் என்று கேட்கவில்லை.

அன்று பரோட்டாவைக் குறைத்தேன் என்று எழுத ஆசை.
மூன்று தின்றேன்.
சால்னா இரண்டாம் தடவை கேட்கவில்லை,
அவ்வளவுதான்.

சணலை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.
காலையில் பார்த்தால்
ஜன்னலுக்கும் ஆணிக்கும் நடுவே இழுத்துக் கட்டி
என் முழு நீளத்திலும்
சென்னப்பன் பனியன் காயப்போட்டிருந்தான்.

அவிழ்க்கச் சொல்லவில்லை.
இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.
உயரம்
இனி மாறப்போவதில்லை.