பிழை

இரவு இரண்டு பத்து. நுவரெலியா ஆஸ்பத்திரி.
வெளிச்சப் பெட்டியில் புண்ணியமூர்த்தியின் தலை.
இடப்பாதி சாம்பல் பூத்து, நடுக்கோடு
வலப்பக்கம் ஏழு மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது.

வயது ஐம்பத்திமூன்று.
கந்தப்பளையில் தோட்டத்துத் தண்ணிக் குழாய் பார்ப்பவர்.
காலையில் எந்த லயத்துக்கு முதலில் திறப்பது என்பது
அவர் வலக்கையில் இருந்தது.
இப்போது அந்தக் கை
யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பை.

எத்தனை மணிக்கு விழுந்தார்?
தெரியாது.
சோற்றுக்கு வரவில்லையென்று மத்தியானம் மகன் கத்தியபோது
"வாறேன்" என்றாராம்.
அந்த வாறேனுக்கும் இருட்டுக்கும் நடுவே எங்கோ
ஊசி மருந்தின் நேரம் தீர்ந்துபோயிருக்கிறது.

மிச்சம், கண்டி.
மண்டையோட்டில் ஒரு பலகை கழற்றினால்
வீங்கும் மூளைக்கு இடம் கிடைக்கும்,
உயிருக்கும்.
அந்த உயிருக்குள் அவர் இருப்பாரா என்பதற்கு
என்னிடம் படம் இல்லை.
போனில் கண்டி சொல்கிறது:
அனுப்புவதென்றால் இப்போதே.

"பொழச்சிருவாரா டொக்டர்?"
பவளக்கொடி கேட்கிறாள்.

பிழை என்று ஒரு சொல்.
உயிரோடிருப்பதும் அதுதான், கணக்குத் தவறுவதும் அதுதான்.
தப்பினார் என்று மாற்றிச் சொன்னாலும்
தப்பு கூடவே வருகிறது.

இராகலைக்காரி ஒருத்தியை
இனி ஒன்றுமில்லை, கொண்டுபோங்கள் என்றேன்.
மூன்றாம் நாள் இறந்தாள்.
நான் கைவிட்டவர்களில் ஒருவரும்
என்னைப் பொய்யாக்கியதே இல்லை.
அது கணிப்பா, கட்டளையா?
லிந்துலை லொறிக்காரரைத் திறந்து காப்பாற்றினோம்.
அவர் மனைவி சந்தையில் என்னைக் கண்டதும்
லீக்ஸ் கட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

"ஒங்க அப்பாவா இருந்தா?"

என் அப்பா வேறு. ஊட்டிவிட வந்தால்
தட்டைத் தட்டிவிடுவார்.
இவர் எப்படி, என்று கேட்டேன்.

யோசித்தாள்.
"ஒருக்கா என்னோட கோவிச்சிக்கிட்டு
மூணு மாசம் பேசவே இல்ல.
சைகையிலயே குடும்பம் நடத்துனாரு."
சிரிப்பு வந்து, பாதியில் வாயைப் பொத்தினாள்.
"பேசாட்டி பரவால்ல.
ஆனா படுத்தே கெடக்குறதுன்னா..."
முடிக்கவில்லை.
முடிக்கச் சொல்ல எனக்கும் தைரியமில்லை.

எதற்காக என்று கேட்டால்,
அந்த மூன்று மாதத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.
விசாரணைக்கு நிற்காத காரணம்.
பேனா குளிரில் இரண்டு தரம் எழுதவில்லை.

அம்புலன்ஸ் கதவு பாதி மூடியபின்
மறுபடி திறந்தது.
பவளக்கொடி மட்டும் இறங்கி ஓடிவந்து
துரு ஏறிய இரும்புத் திறப்பொன்றை
மகன் கையில் வைத்தாள்:
"மேல் லயத்துக்கு மொதல்ல தெற.
அரை மணித்தியாலந்தான். அப்புறம் மூடிரு."

றம்பொடை வளைவுகளை நோக்கி
வண்டி மெதுவாகத்தான் போனது.