சோதனை ஆடு

மூன்று அட்டவணைகள்தான்.
பண்ணைகள், ஆடுகள், காதுக்குறிகள்.
ஜூலை முழுக்க, இருட்ட மறந்த இரவுகளில்
உலர்மீனை வெண்ணெயில் தொட்டுத் தின்றபடி
நான் கட்டிய வலைத்தளத்துக்கு
இவ்வளவே எலும்பு.

வலக்காது நுனி வெட்டு,
இடக்காதில் பின்பக்கம் ஒரு கொத்து
என்று தட்டினால்
எந்தப் பண்ணை என்று சொல்ல வேண்டும்.
செப்டம்பரில் மேய்ச்சல் மலையை விட்டு
நாலாயிரம் ஆடுகள் இறங்கும்.
அப்போது மழை பெய்யும்.
ஐஸ்லாந்தில் இதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

முதல் நாள்
எங்கள் முள்ளெழுத்து தைத்தது.
தோர்ப்யோர்க் என்று சேமித்தேன்.
தலையிருந்த இடத்தில் கேள்விக்குறியோடு
திரும்பி வந்தாள்.
குறியாக்கத்தை மாற்றினேன்,
முள்ளோடு முழுசாக வந்தாள்.

பிறகு தளத்திடம் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.
பெயரில்லாத பண்ணை கொடுத்தேன்: வாங்கிக்கொண்டது.
முப்பதாம் தேதி பிப்ரவரியில் பிறந்த கிடா: அதையும்.
மூன்று காதுள்ள ஆட்டைக் கொடுத்தபோது
நன்றி, சேமிக்கப்பட்டது என்றது.
இவ்வளவு நல்ல மனசு ஆகாது என்று
ஒவ்வொரு கதவிலும் ஒரு காவல் வைத்தேன்.

கடைசியாக ஒன்று.
பெயர்: சோதனை.
காதுகள்: வெட்டில்லை, வெட்டில்லை.
உரிமையாளர்: யாருமில்லை.
தேடினேன், கிடைத்தது.
தளத்தைத் திறந்துவிட்ட காலை
நாற்பது பொய்களை அழித்தேன்.
நாற்பத்தொன்று இருந்தன.

பட்டியில் சேறு முழங்காலுக்கு.
ஹால்முண்டுர் ஒரு குட்டியின் கொம்பைத்
தொடைகளுக்கிடையே இறுக்கி,
கைபேசியை மூக்கால் தட்டிக்கொண்டிருந்தார்.
குட்டியின் இரண்டு காதும் முழுசு.
"இது சோதனை!" என்று கத்தினார்.
யாருடையது? என்றார்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.
"யாருமில்லை. எழுதியிருக்கிறது, பார்!"

பட்டியே சிரித்தது.
நான் கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டேன்.
ஆனால் யோசித்தால்,
அன்று முழுக்க
ஒரு எழுத்துகூடத் தப்பாத பதில் அது ஒன்றுதான்.

குறியில்லாதவை ஏலத்துக்குப் போகும், இங்கே வழக்கம்.
ஹால்முண்டுரே எடுத்தார்.
உரிமையாளர் கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.
ஆட்டின் பெயரைத் தொடவில்லை.

இந்த மே மாதம் தளத்தைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன்.
பழைய குப்பை வரிகளைத் தேடிப் பிடித்து
அழி, அழி, அழி.
அந்த வரியில் வந்ததும்
நானே எழுதிய காவல்
என்னையே நிறுத்தியது:

இந்த வரியை அழிக்க முடியாது.
இரண்டு வரிகளில்
தாய் என்று குறிக்கப்பட்டுள்ளது.