முகமதிப்பு

திங்கட்கிழமை காலை
நீல வெல்வெட் பெட்டிகளில் வந்து இறங்கினார்
எனோக் ம்கிஸே,
பெட்டிக்கு ஒருவராக நாற்பது பேர்.

வெள்ளி. இரண்டு ராண்ட். விலை எண்ணூற்றைம்பது.
மாகாணத்தின் முதல் கறுப்புப் பேஸ்பால் ஆட்டக்காரர்
என்றது கூடவந்த துண்டுத்தாள்.
முதல் என்றால்
அவருக்கு முன் ஆடியவர்களுக்கு
யாரும் ஸ்கோர் எழுதவில்லை என்று பொருள்.
உடைமாற்ற அறை தராத மைதானத்தில்
லாரிக்குப் பின்னால் நின்று கால்சட்டை மாற்றியதும்
அதில் இருந்தது,
தங்க எழுத்தில்.

மாரிட்ஸ்பர்க், சர்ச் தெருக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
நான் தனபாக்கியம் முனியன்.
சட்டையில் குத்திய வில்லையில் 'டானா'.
பதினோரு மணிக்குள் ஏழு விற்றேன்.
ஒரு பல் டாக்டர், நாணயம் சேர்க்கும் பாதிரியார் ஒருவர்,
மற்றவர்கள் விலை ஏறுமா என்று மட்டும் கேட்டார்கள்.

பென்ஷன் வரிசையிலிருந்து விலகி
ஒரு அம்மா வந்தார்.
பையில் முட்டைக்கோஸ்.
'அவரைக் காட்டு.'

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
'மூக்கு சரி.
ஆனால் வலக்கையால் எறிகிறாரே.
முப்பத்தாறு வருஷம்
சாப்பாட்டு மேசையில் என் முழங்கையை இடித்தது
இடக்கை.'

அடையாள அட்டையில் பார்த்தேன்: தோகோசிலே ம்கிஸே.
விலையைச் சொன்னேன்.
மறுபடி மெதுவாகச் சொன்னேன்,
மெதுவாகச் சொன்னால் குறையும் என்பதுபோல்.

அவர் நாணயத்தைத் திருப்பினார்.
'இரண்டு ராண்ட். அரசாங்கமே எழுதியிருக்கிறது.'
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
குடு மான் போட்ட இரண்டு ராண்டை
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.
மான் தேய்ந்து போயிருந்தது,
கொம்பு மட்டும் மிச்சம்.

கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
மேலாளர் டீ குடிக்கப் போயிருந்தார்.
வரிசையில் யாரோ செருமினார்கள்.

பெட்டி வேண்டாம் என்றுவிட்டு
முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே
அவரைச் செருகிக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்குக் கல்லா எண்ணியபோது
எண்ணூற்று நாற்பத்தெட்டு ராண்ட் குறைவு.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
'வார்ப்புப் பிழை' என்று எழுதி
முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கிறார்கள்.
இன்னும் ஒன்று பாக்கி.