அசையில் கிடப்பவை

பால் பட்ட துணியை நனைக்கக் கூடாது.
காயவிட வேண்டும். காய்ந்தால்
பொருக்குப் போல உரிந்து வரும், பாதி.
மீதிப் பாதி சட்டை கிழிகிற வரைக்கும் சட்டையோடிருக்கும்.
இதெல்லாம் தெரியும் எனக்கு. பதினாலு வருஷமாய்க்
களியலில் ரப்பர் வெட்டுகிறவன்.

மூத்திரம் பட்ட மெத்தையைப் பற்றித்தான்
ஒன்றும் தெரியாமலிருந்தது.

பிரசில்லா மஸ்கட்டுக்குப் போன நாலாம் நாள்
ஜெர்வின் படுக்கையில் பெய்தான். ஏழு வயது.
அன்றைக்கே இடவப்பாதியும் பிடித்துக்கொண்டது.
சுடுவெள்ளம் ஊற்றி, சோப்புத்தூள் கொட்டித் தேய்த்தேன்.
மணம் போகவில்லை. உள்ளே குடியேறிக்
கதவைச் சாத்திக்கொண்டது.

ராத்திரி பத்தரைக்குப் போனில் அவள் குரல்,
ஒரு நிமிஷம் நாற்பது வினாடி:
"சுடுவெள்ளம் ஊத்தப்பிடாது கேட்டியளா.
பச்சவெள்ளம். மொதல்ல ஒத்தி எடுங்க, தேக்காண்டாம்.
பெறவு ஆப்பசோடாவத் தூவி
ராத்திரி முழுக்கக் கிடக்கட்டு.
பிள்ளைக்க மொகத்தப் பாத்து ஒண்ணும் கேக்காண்டாம்."
கடைசி வரியை மட்டும் மூன்று முறை கேட்டேன்.

அவள் வார்டில் ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பு மாற்றுகிறாள்.
இயந்திரத்தில் துவைந்து இயந்திரத்தில் காயும்.
வெளியே தகரத்தை உருக்குகிற வெயிலாம்,
ஒரு துணிகூட அதைப் பார்ப்பதில்லையாம்.
இங்கே துணி இருக்கிறது.

வேறு வழியில்லாமல் புகைப்புரை.
ரப்பர் ஷீட் தொங்கும் மூங்கில்களில் ஒன்றை ஒழித்து
விரிப்பைப் போட்டேன். காய்ந்தது.
பள்ளிக்கூடத்தில் அவனை "ஒட்டுப்பாலு" என்று கூப்பிட்டார்கள்.
அவனே சொன்னான், சிரித்துக்கொண்டே.

வேலிக்கு அப்பால் சுசீலாபாய்:
"தெனமும் அலக்குதீயளே, விருந்துக்காரு வந்திருக்கா?"
"ஆமா," என்றேன். "மழை."

ஆடியில் ஒரு நாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்களுக்கு நடுவே
ஹெட்லைட்டோடு நாலு மணிக்குப் போனவன்
ஏழு மணிக்குத் திரும்பினால்
முற்றத்து அசையில்
நேற்று உருட்டிப் போட்ட நாலு ஷீட்டுக்கு இடையில்
ஐந்தாவதாய் ஒன்று.

பிழியாதது. நடுவில் தொய்ந்து மண்ணைத் தொட்டுச்
சொட்டிக்கொண்டிருந்தது.
நாலு கிளிப்பு. நாலும் ஒரே மூலையில்.
நீலமும் போட்டிருந்தான், குப்பி முழுவதையும்
ஒரே இடத்தில்,
எந்த இடம் என்று ஊருக்கே தெரியும்படி.

உள்ளே தூங்குவதாகக் கிடந்தான்.
இமை தூங்கவில்லை.
கால்விரல் இடுக்கில் நுரை.

பிழிந்து போடலாம்தான்.
ஆனால் இரட்டை விரிப்பு ஒற்றை ஆளுக்கு மசியாது.
ஒருவர் வலம் முறுக்க வேண்டும், ஒருவர் இடம்;
முறுக்க முறுக்கத் துணி குறுகும்,
அந்தத் தலைப்பில் நிற்கிறவர் பக்கத்தில் வந்துவிடுவார்.
கடைசியாய் அப்படிப் பிழிந்தது
அவள் பெட்டி கட்டிய அன்று.
வெள்ளம் முழுக்க வடிந்த பிறகும் விடாமல்
நின்றோம் கொஞ்ச நேரம்.

தொடவில்லை நான்.
பால் வாளியை இறக்கிவிட்டுக்
கட்டன்சாயா போட்டேன், இரண்டு தம்ளர்.
அவனுக்குச் சீனி கொஞ்சம் கூட.

சாயங்காலம் போனில் அவள் முகம்.
"பொறத்த தொங்குது என்னது?"
"ஷீட்டு," என்றேன்.
என் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு நின்றது.
"இப்ப கிலோ என்ன வெல போவுது?"
நான் கணக்குச் சொல்ல வாய் திறப்பதற்குள்
அவன் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"அது விக்கியதுக்கு இல்லம்மா.
காயட்டு."