இலக்குக் குழு: அறுபதுக்கு மேல்

முதல் புதன் ஏழு பேர் வந்தார்கள்.
நால்வர் கையில் கிளினிக் அட்டை.
"பிரஷர் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டு
இருவர் சைக்கிளைத் திருப்பினார்கள்.
மிஞ்சியவர்களில் பொன்னுரங்கம்
விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்.
அவரையும் வருகைப் பதிவில் எழுதினேன்.
ஐந்துக்குக் குறைந்தால்
மாவட்ட அலுவலகம் சாயத்துக்குப் பணம் தராது.

எனக்கு வரையத் தெரியாது.
துரோலாக் கூட்டுறவுக் கடையில்
பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவள்.
கடை மூடிய மாதம்
இந்த வேலைக்கு மனுப்போட்டது நான் ஒருத்திதான்.

திட்டத்தில் இருந்தது இது:
தோட்ட நினைவுகள், சுவரோவியம்,
பன்னிரண்டு வாரம், நாலாயிரம் வெள்ளி.
பால்மரம், உளி, வாளி, விடியற்காலைப் பிரட்டு
எல்லாவற்றுக்கும் மாதிரிப் படம் அச்சடித்து
மேசையில் பரப்பி வைத்தேன்,
பக்கத்தில் பசியாற மைலோவும் பிஸ்கட்டும்.

வீராயி ஒரு தாளை எடுத்தார்.
மரத்தைப் பார்த்தார்.
"முப்பத்தெட்டு வருசம் பார்த்தாச்சு இதை.
ஒரு நாளாச்சும் இது என்னைப் பார்த்துச்சா?"
தாளைக் குப்புறக் கவிழ்த்தார்.
பின்பக்கம் வெள்ளை.

அதில் ஒரு கட்டம் போட்டார்,
கட்டத்துக்குள் நீலம்.
துரை பங்களா நீச்சல் குளமாம்.
இலை கொட்டும் மாதங்களில்
ஞாயிற்றுக்கிழமை தோறும்
நீளக் கம்பில் வலை கட்டி
இலை வாரிய குளம்.
கால் நனைத்ததில்லை.

அல்போன்ஸுக்குக் கை நடுங்கும்.
கோடு போட வராது.
கனடாவில் மகள் வீட்டு வாசலைப் போடுகிறேன் என்று
கறுப்புத் தாள் கேட்டார்,
வெள்ளைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்தார்.
உதவுகிற நினைப்பில்
மணிக்கட்டைப் பிடித்தேன்.
"விடும்மா,
அது தானாப் பெய்யுது."

செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
பாலாய் ராயாவின் சுவர் அதிரும்.
அந்தச் சுவரில்தான் ஆறாம் வாரம்
குளத்தை ஏற்றினோம்,
பூப்பந்து மைதானத்தைப் பார்த்தபடி,
எட்டடிக்குப் பன்னிரண்டடி.

ஏழாம் வாரம்
கண்ணைத் திறந்தார் பொன்னுரங்கம்.
"அந்த நீலம் தப்பு."

யாரும் பேசவில்லை.

"குளோரின் போட்டவன் நான்.
காலையில ஒரு மாதிரி இருக்கும்,
மருந்து போட்டா வேற மாதிரி ஆகும்.
இது ரெண்டும் இல்லை."
"தெரிஞ்சவர் எந்திரிச்சு வந்து கலக்குறது"
என்றார் வீராயி, திரும்பாமலே.
வந்தார்.
நான்கு டின் வீணானது.
ஐந்தாவதில் துளி பச்சை விட்டுவிட்டு
நெடுநேரம் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான்கு டின்னை எந்தக் கணக்கில் எழுதுவது
என்று எனக்குக் கவலை.

திறப்பு நாளில்
புவான் ரொஹானா படம்பிடிக்க வந்தார்.
சுவரில் முழுக்கக் குளம்.
நடுவில் சிவப்புச் சேலையோடு
மல்லாந்து மிதக்கும் ஒரு பெண்,
கண் மூடியிருக்கிறாள்.
வலது ஓரத்தில்,
குளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்,
பனி.

"கெத்தா மரம் எங்கே?"
மலாயில் கேட்டார், கோப்பைப் புரட்டிக்கொண்டே.
தோட்ட நினைவுகள் என்றல்லவா இருக்கிறது.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
வீராயி சுவரருகே போய்
மிதப்பவளின் காலடியில் விரல் வைத்தார்.
நகத்தளவு ஓர் இலை,
மூன்று பிரிவாய்.
"இதோ.
இன்னைக்கு இருக்கட்டும்னு விட்டிருக்கேன்."

புவான் ரொஹானா இலையைப் படம் பிடித்தார்.
பிறகு இரண்டடி பின்னால் போய்
மிதப்பவளையும்.

இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
'அடைந்த பயன்' என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
அதற்குக் கீழே இருந்த கட்டம் சுலபம்.
அடுத்த தவணைக்குத் தேவையானவை:
நீலம் இரண்டு டின்,
பச்சை அரை,
வெள்ளை ஆறு.
பனி விடவில்லை.